எச்ஐவி உள்ள பிள்ளைக்கு வரன் தேடும் வீட்டாருக்கு

நான் டாக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தாய்மாமன், அவ்வளவுதான். என் அக்கா மகள் பிறக்கும்போதே எச்ஐவி தொற்றோடு பிறந்தவள். அவள் அப்பா இறந்தபோது எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து மாத்திரை. இப்போது கரூரில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள், ஸ்கூட்டி ஓட்டுகிறாள், எங்கள் வீட்டிலேயே அதிகமாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். இரண்டு வருஷம் அவளுக்கு வரன் பார்த்து அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பாதி, நாங்கள் செய்த தப்புகளிலிருந்து கற்றுக்கொண்டவை.

இவளை மாதிரி 90களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் பிறந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள். 2004 ஏப்ரலில்தான் எச்ஐவியை அடக்கிவைக்கும் ஏஆர்டி கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டுமா என்பதே வீட்டில் பெரிய கேள்வி, கல்யாணப் பேச்சுக்கு எங்கே இடம். மருந்து வந்தது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஊர் வாய்தான் இன்னும் 1995லேயே நிற்கிறது. ஊர் வாய் என்றால் என் வாயும் சேர்த்துத்தான்.

முதலில் நம் வாயைச் சரிசெய்வோம்

முதல் வரனிடம் பேசியபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம்ங்க, பிறவியிலேயே வந்தது, புள்ள ஒரு தப்பும் பண்ணல." சொல்லிவிட்டுப் போனை வைத்தேன், என்னவோ சாமர்த்தியமாகப் பேசிவிட்ட நினைப்பு. திரும்பினால் அக்கா பின்னால் நிற்கிறாள். அவளுக்கும் தொற்று உண்டு, கணவனிடமிருந்து வந்தது. ஒன்றும் பேசவில்லை, காய வைத்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். மகள் தப்புப் பண்ணவில்லை என்று நான் ஊருக்குச் சொன்னால், அப்போது யார் தப்புப் பண்ணினார்கள் என்றும் சேர்த்துத்தானே சொல்கிறேன்? அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். அது உங்கள் பிள்ளைக்கு உதவுவது போலத் தெரியும், ஆனால் தொற்றுள்ளவர்களில் நல்லவர், கெட்டவர் என்று கோடு போடுகிற வேலை அது. அந்தக் கோடு நாளைக்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடும்.

"எப்படி வந்தது?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் கிடையாது. கட்டிக்கொள்ளப் போகிறவர் கேட்டால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும், அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை, பெண் பார்க்க வந்த காரின் டிரைவர் இவர்களெல்லாம் கேட்டால் "இப்ப மாத்திரை சாப்பிடறா, நல்லா இருக்கா" என்று இன்றைய நிலையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, "எய்ட்ஸ்" என்ற சொல். எச்ஐவி என்பது வைரஸ். அது பல வருஷம் கவனிக்கப்படாமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரித்துத் தின்ற பிறகு வரும் நிலைதான் எய்ட்ஸ். நேரத்துக்கு மருந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டில் ரகசியமாகப் பேசும்போதுகூட "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்தாதீர்கள், சுகர் பிரஷர் சொல்கிற அதே குரலில் சொல்லிப் பழகுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு மாசம் ஆனது, என் மனைவிக்கு இன்னும் குரல் தாழ்கிறது, பரவாயில்லை.

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வரன் வீட்டாரிடம் போகிறவர் கையில் ஜாதகம் இருக்கிறதோ இல்லையோ, வைரல் லோடு என்றால் என்ன என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் எதிராளி கூகுளில் தேடுவார், பழைய படங்களைப் பார்ப்பார், கதை முடிந்தது.

ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸின் பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதுதான் வைரல் லோடு. தினமும் தவறாமல் மாத்திரை எடுத்தால் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கருவியே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் இது நடக்கும். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள், ஏஆர்டி மையத்தில் இலவசம்தான். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு மூலமாக அவர் துணைக்குத் தொற்று போகாது. "குறையும்" என்று சொல்லவில்லை, போகாது. வாயில் சுலபமாக வருகிற மாதிரி சொல்வதென்றால், "கண்டறிய முடியலைன்னா கடத்தவும் முடியாது". இது யாரோ ஆறுதலுக்குச் சொன்னதில்லை. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத நூற்றுக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்தார்கள், பார்ட்னர் ஆய்வு என்று பெயர். 2016ல் வெளியான முதல் கட்டத்தில் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு கொண்டதாகக் கணக்கு, 2019ல் வெளியான இரண்டாம் கட்டத்தில் சுமார் 76,000. துணையிடமிருந்து தொற்றியது இரண்டிலும் பூஜ்யம்.

இதில் உள்ள நிபந்தனையையும் சேர்த்தே சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். மாத்திரை தினமும் எடுக்க வேண்டும், அளவு இறங்கியது பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டும், இடையில் விட்டால் வைரஸ் ஏறும். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதற்குள்ளேயே மூன்று மருந்து. மற்ற பால்வினைத் தொற்றுகளை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

அப்புறம் தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, கொசு கடித்து வராது, ஒரே பாத்ரூமில் வராது. இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது, ஆனால் எம்எஸ்சி படித்த மாப்பிள்ளையின் அண்ணன் ஒருவர் என்னிடம் கொசுவைப் பற்றிக் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லி அவர்கள் நம்பவில்லையா, விவாதம் செய்யாதீர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரும் பிள்ளையும் சேர்ந்து ஏஆர்டி மையத்துக் கவுன்சிலரையோ டாக்டரையோ பார்க்கட்டும். மாமன் சொன்னால் பேரம், டாக்டர் சொன்னால் தகவல். மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் 1097க்கு அடித்தால் சொல்வார்கள், கட்டணம் இல்லை. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற நம்பிக்கை மையம்.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். மூன்று விதமான வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கடைசி வரை மறைப்பது. இரண்டு, பயோடேட்டாவிலேயே எழுதிவிடுவது. மூன்று, தரகரிடம் மட்டும் சொல்லி, நீங்களே பக்குவமாகப் பேசுங்கள் என்று விடுவது. மூன்றுமே ஆபத்து, மூன்றாவது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் தரகருக்கு ஒரு நாளைக்கு நாற்பது வீட்டில் டீ.

மறைப்பதைப் பற்றி ஒளிவில்லாமல் பேசிவிடுவோம். "கல்யாணம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது நம் ஊரில் எத்தனையோ பெண்களின் வாழ்க்கையைத் தின்ற வாக்கியம். நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா அப்படி மறைத்துச் செய்த கல்யாணத்தில் தொற்று வந்தவர்தான், இதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து 1998ல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மாத்திரையால் இன்று உடம்புக்குத் தொற்றாமல் போகலாம், ஆனால் மறைத்தது ஒருநாள் தெரியும்போது அந்த மனுஷனோ மனுஷியோ அதற்குப் பிறகு எதையும் நம்பமாட்டார், மாத்திரை டப்பாவைக்கூட. சட்டமும் சும்மா இருக்காது. இந்து திருமணச் சட்டத்தில் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் செய்த கல்யாணத்தை ரத்துசெய்யக் கேட்க வழி இருக்கிறது.

பயோடேட்டாவில் எழுதினால்? அது வாட்ஸப்பில் போகிற காகிதம். ஊரே படிக்கும். கட்டாத வீட்டுக்கெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்?

எங்களுக்குச் சரிப்பட்டு வந்த முறை இது. சாதாரண பயோடேட்டாதான் போகும், அதில் எதுவும் இருக்காது. இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது என்று தெரிந்து, பிள்ளைகள் போனில் இரண்டு மூன்று தடவை பேசியும் பிடித்திருந்தால், ஊரைக் கூட்டிப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பூ வைப்பதற்கெல்லாம் ரொம்ப முன்னால், சொல்லிவிட வேண்டும். சொல்கிறவர் அந்தப் பிள்ளையாகவே இருக்க வேண்டும். கேட்கிறவர் கட்டிக்கொள்ளப் போகிறவராக இருக்க வேண்டும், அவர் அம்மா அப்பா இல்லை. அவர் தன் வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை இருவரும் பேசி முடிவுசெய்யட்டும். நம் வேலை, பிள்ளை சொல்லிவிட்டு வரும்போது வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

சொல்லும் விதத்துக்கும் ஒத்திகை பார்த்தோம், சிரிக்காதீர்கள். முதலில் அவள் தயாரித்த வசனம் "உங்ககிட்ட ஒரு பெரிய விஷயம் சொல்லணும், கேட்டுட்டு என்னைத் தப்பா நினைக்கக் கூடாது" என்று தொடங்கியது. கேட்கிறவன் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவான், கொலை கேஸோ என்று. பிறகு இப்படி மாற்றினாள்:

"நாம மேல பேசறதுக்கு முன்னாடி என் உடம்பைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு எச்ஐவி இருக்கு, பிறந்ததிலிருந்தே. தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்துல வைரஸ் கண்டறிய முடியாத அளவுலதான் இருக்கு, அதனால கட்டிக்கிறவருக்கு வராது, ரிப்போர்ட் காட்டறேன். இப்பவே பதில் சொல்ல வேண்டாம். யோசிங்க, எங்க டாக்டர்கிட்ட வந்து கேளுங்க. வேண்டாம்னு தோணினா அதையும் நேரா என்கிட்டயே சொல்லுங்க, வேற யார்கிட்டயும் இதைப் பேச வேண்டாம்."

அவ்வளவுதான். அழுகை, மன்னிப்பு எதுவும் இல்லை. நேரில் சொல்வது நல்லது, எழுத்தில் அனுப்பினால் ஸ்க்ரீன்ஷாட் ஆகிவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் சொன்னாள், நான் இரண்டு டேபிள் தள்ளி உட்கார்ந்து, இறங்காத பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டவன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. ஆனால் எழுந்து ஓடவில்லை, பில்லையும் அவனே கொடுத்தான், நான்கு நாள் கழித்து வேண்டாம் என்று அவளிடமே சொன்னான். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லும் வீட்டாருக்கு

இது மறுபக்கம் இருப்பவர்களுக்கு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காரணத்தைப் பொண்ணு வீட்டுத் தெருவில் தேடாதீர்கள். "ஜாதகம் பொருந்தல" என்று வெளியே சொல்லிக்கொள்ளுங்கள், ஜாதகம் இதற்காவது உதவட்டும்.

விஷயத்தை நாலு பேரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன கதை ஒன்று இருக்கிறது. ரத்தம் கொடுக்கப் போன ஒருவருக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எச்ஐவி தெரிந்தது, அது வெளியே கசிந்தது, நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது, ஊரே ஒதுக்கிவைத்து அவர் வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. வழக்குப் போட்டார். 1998ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் தீர்ப்புச் சொன்னதோடு நில்லாமல், இப்படிப்பட்டவர்களின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றே எழுதிவிட்டது. நான்கு வருஷம் கழித்து 2002 டிசம்பரில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்துகள் அந்த வழக்குக்குத் தேவையில்லாதவை என்று சொன்ன பிறகுதான் அந்தத் தடை விலகியது. எச்ஐவி உள்ளவர் கல்யாணம் செய்யவே கூடாது என்று யாராவது சட்டம் பேசினால் இந்த இரண்டாவது தீர்ப்பைச் சொல்லுங்கள், அவருக்கு முதலாவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இப்போது தனிச் சட்டமே இருக்கிறது. 2017ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். பரிசோதனைக்கு ஒருவரின் சம்மதம் வேண்டும், நம்பிச் சொன்ன விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது. தொற்றுள்ளவர்கள் மேல் வெறுப்பைத் தூண்டும் விதத்தில் எழுதினாலோ பரப்பினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அதே சட்டம் தொற்றுள்ளவருக்கும் கடமை வைத்திருக்கிறது, பிறருக்குப் பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று. சண்டை போடச் சட்டத்தைத் தூக்கச் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் எவராவது ஆரம்பித்தால் அந்த ஒரு லட்சத்தை மட்டும் ஞாபகப்படுத்துங்கள், குரூப் அமைதியாகிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ்தானா?

செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம் பார்க்கிற மாதிரி, எச்ஐவி உள்ளவருக்கு எச்ஐவி உள்ளவரைத்தான் கட்டவேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், தொண்டு அமைப்புகளில் இருப்பவர்கள்கூட. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவியை 1986ல் சென்னையில் கண்டறிந்த குழுவை வழிநடத்திய டாக்டர் சுனிதி சாலமன், பிற்காலத்தில் தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குத் தானே வரன் பார்த்துச் சேர்த்துவைத்தார். வாழ்க்கை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய காரியம். இன்றும் ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்கும் வரிசையிலேயே பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு. ஒரே டைமில் அலாரம் அடிக்கும் வீட்டில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

ஆனால் அதை விதியாக்காதீர்கள். வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருப்பவர், தொற்று இல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டு ஆபத்தில்லாமல் வாழ முடியும் என்பது தெரிந்த பிறகும் "உனக்கு அந்த லிஸ்ட்தான்" என்பது அக்கறை மாதிரி இருக்கும் ஒதுக்கல். அந்த லிஸ்ட்டும் லேசான லிஸ்ட் இல்லை. தனக்கே தொற்று இருக்கிற ஆம்பளைகள் சொந்த ஜாதியில், சிவப்பாக, கல்யாணம் ஆகாத பெண்ணாகக் கேட்பார்கள், இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்து கையில் பிள்ளையோடு நிற்கிற பெண்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். வைரஸ் ஜாதி பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுவார்கள், வைரஸ் உள்ளவன் நன்றாகப் பார்க்கிறான்.

எங்களுக்கு அப்படி ஒரு வரன் வந்தது. பையனுக்கும் தொற்று, மெடிக்கல் ரெப் வேலை, நல்ல சம்பளம். எல்லோரும் குதித்தோம். இரண்டாவது போனிலேயே பையனின் அப்பா, "இந்த மாதிரி பொண்ணுக்கு நாங்களா கேட்கக் கூடாது, நீங்களே பார்த்து பதினஞ்சு பவுன் போட்டுடுங்க" என்றார். அவர் பையனும் இந்த மாதிரிதான் என்பது அவருக்கு மறந்துவிட்டது. என் மனைவி, பதினைந்து போடலாம், வேறு யார் கிடைப்பார்கள் என்றாள். மருமகள் தட்டைக் கழுவிக்கொண்டே "வேண்டாம் மாமா" என்றாள். ஏன் என்றேன். "அவருக்குச் சிரிக்கவே வரலை. போன்ல நான் ரெண்டு ஜோக் சொன்னேன்." எச்ஐவி உள்ளவள், வந்த வரனை, சிரிக்கத் தெரியாததற்காக வேண்டாம் என்கிறாள். அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நாங்கள் ஆறு வயதிலிருந்து மாத்திரை கொடுத்து வளர்த்ததே இப்படி ஒருநாள் திமிராகப் பேசுவதற்குத்தானே. "உனக்கு யார் கிடைப்பாங்க" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் ஒலித்தால் உடனே நிறுத்துங்கள். எத்தனையோ மோசமான கல்யாணங்கள் அந்த ஒரு வார்த்தையில்தான் நடக்கின்றன. தொற்று இருப்பதால் தள்ளுபடியும் கொடுக்காதீர்கள், கூடுதலாகவும் போடாதீர்கள்.

குழந்தை பற்றிக் கேட்பார்கள்

மாமியார் வீட்டில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான், அதனால் நாமே சொல்லிவிடலாம். மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. தாய் முறையாக மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்த சில வாரங்களுக்கு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்குக் கீழே வந்துவிடும், கருவுற்றதிலிருந்தே வைரஸ் அடங்கியிருந்தால் ஒன்றை ஒட்டி. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, பதினெட்டாவது மாதத்தில் உறுதியான முடிவு. எங்கே பிரசவம், எவ்வளவு நாள் தாய்ப்பால் என்பதையெல்லாம் கருவுறுவதற்கு முன்பே ஏஆர்டி டாக்டரிடம் பேசிவிட வேண்டும். பால் கொடுப்பது பற்றிப் பக்கத்து வீட்டு யோசனை வேண்டாம். தொற்று ஆணுக்கு மட்டும் இருந்து, வைரஸ் அடங்கியிருந்தால் மனைவிக்குப் போகாது, மனைவிக்குப் போகாவிட்டால் குழந்தைக்கும் போகாது. அதைத் தனியாக ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனோ இது நிறையப் பேருக்கு விளங்குவதில்லை.

சில்லறை விஷயங்கள்

மாத்திரை டப்பா சத்தம் போடும். முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலுப்பைதான். பயணத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் வராது. மாத்திரையை ஈரம் படும் வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் சிறு பொட்டலத்தையும் தூக்கி எறிய வேண்டாம். இதைச் சொல்வதற்குக் காரணம், கல்யாணச் சத்தத்தில் மாத்திரை விட்டுப்போவது சகஜம். நலுங்கு, முகூர்த்தம், மறுவீடு என்று நான்கைந்து நாள் ஓடும், எல்லா இடத்திலும் ஆள் கூட்டம், எடுத்து வாயில் போட மறைவு கிடைக்காது. விஷயம் தெரிந்த ஒரு ஆள், தோழியோ சித்தியோ, அந்த நாட்களில் நேரத்துக்குத் தண்ணீரோடு வந்து நிற்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பெரிய உதவி அது.

யார் யாருக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஐந்து பேர். ஆறாவது ஆளுக்குச் சொல்ல வேண்டுமானால் அவளைக் கேட்டுத்தான். உறவில் ஒருவர் "எனக்கு ஏன் சொல்லல" என்று கோபித்தார், கோபித்துக்கொண்டே இருக்கட்டும், மொய் எழுதினார்.

கல்யாணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொள்வது நல்ல பழக்கம், ஆனால் இரண்டு பேரும் செய்துகொள்ளட்டும், பெண்ணுக்கு மட்டும் என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. சமீபத்தில் பட்ட தொற்று உடனே பரிசோதனையில் தெரியாது, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்த்தால்தான் நிச்சயம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

காகித டம்ளர்

கடைசியாக வந்த வரன், அவள் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தொற்று இல்லாதவர். அவளே சொன்னாள், அவர் அவளோடு வந்து டாக்டரிடம் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார், இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார், பிறகு தன் அம்மாவிடம் அவரே சொன்னார். அந்த அம்மா ஒரு வாரம் மகனோடு பேசவில்லையாம். எட்டாவது நாள் "நான் போய்ப் பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டார், கூட அவருடைய தங்கை மட்டும்.

அன்று காலையில் அக்கா கடைக்குப் போய் ஒரு கட்டுக் காகித டம்ளர் வாங்கி வந்திருந்தாள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் இருக்கிறது. வருகிறவர்கள் நம் டம்ளரில் குடிக்கத் தயங்கிவிட்டால் என்ன செய்வது, தயங்குவதைப் பார்க்க வேண்டாமே என்று அவளாகவே யோசித்திருக்கிறாள். இருபது வருஷமாக யார் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தே பழகியவள், கேட்காத இடத்திலும் தானே ஒதுங்கிக்கொள்வாள். ஊர் செய்கிற ஒதுக்கலைச் சொன்னேனே, இது அதைவிடப் பொல்லாதது, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. உங்கள் வீட்டில் இது எந்த ரூபத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். தனித் தட்டு, தனிச் சோப்பு, வெளியே சொல்லாமல் ஒதுக்கி வைத்த ஒரு போர்வை, எங்காவது இருக்கும்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அக்கா காகித டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்து எடுத்தாள். மருமகள் சமையலறை வாசலிலேயே அந்தத் தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் மாற்றி எடுத்து வந்து, முதலில் தன் அம்மாவுக்கு ஒன்று கொடுத்தாள், பிறகு வந்தவர்களுக்கு. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். குடித்தார். பாதிதான், ஆனால் குடித்தார்.

சாப்பிடச் சொன்னோம், மறுத்துவிட்டார்கள். முடிவாகாமல் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறைதான், யாராக இருந்தாலும் நனைக்க மாட்டார்கள். ஆனாலும் அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முறைக்காக நனைக்கலையா, பயந்து நனைக்கலையா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் தெரியவில்லை.

ஒன்பது நாள் எந்தத் தகவலும் இல்லை. பத்தாவது நாள் காலையில் என் போனுக்கு அந்த அம்மாவே கூப்பிட்டார். நலம் விசாரித்தார், மழை உண்டா என்றார், அப்புறம் சொன்னார்: "வியாழக்கிழமை நாங்க ஏழு பேர் வர்றோம்ங்க. மத்தியானச் சாப்பாடு அங்கதான். எனக்கு அல்சர் இருக்கு, காரம் மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க."